அண்ணனின் பெயருக்குப் பின்னால் ஒரு தங்கை: அக்னெஸ் பேடன் பவல் அம்மையார்

காலபோக அறுவடை முடிந்து, வயல்களில் வைக்கோற் போர்கள் எழுந்து, பங்குனி வெய்யில் ஏறத் தொடங்கிய நாட்கள் அவை. முள்ளியவளையில் எமது சாரணியர் குழு ஒரு பாசறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. முதலாம் தவணை முடிந்ததும், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், மூன்று பகலும் இரண்டு இரவும் பாடசாலை வளவிலேயே கூடாரமடித்துத் தங்குவது என்பது திட்டம். பொறுப்பாசிரியை என்னை இரண்டு வேலைகளுக்காக அழைத்திருந்தார். ஒன்று, பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு எடுப்பது. மற்றையது, பெற்றோர் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசுவது. வைத்தியர் ஒருவர் சொன்னால் தாய்மார் கேட்பார்கள் என்று அவர் நம்பினார்.

முதல் வேலை இலகுவாக முடிந்தது. இரண்டாவது வேலைதான் என்னை இந்தக் கட்டுரை எழுதும்வரை கொண்டுவந்து விட்டது.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடாத தாய்மார் சிலர் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பணம் தடையாக இருக்கவில்லை, பிள்ளையின் படிப்பும் தடையாக இருக்கவில்லை. கடிதத்தில் இருந்த சொல்தான் தடை. முகாம் என்றாலும் பாசறை என்றாலும் எங்கள் மண்ணில் அந்தச் சொற்கள் வெறும் சொற்கள் அல்ல. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் கூடாரத்துக்குள் மாதக் கணக்கில் இருந்த ஒரு தாய்க்கு, தன் மகள் விரும்பிப் போய்க் கூடாரத்தில் படுக்கப்போகிறாள் என்பது எப்படி விளங்கும்? நாங்கள் எல்லோரும் ஒருநாள் பொதி கட்டியவர்கள்தாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டு வாசலில் நின்று தீர்மானித்தவர்கள்தாம். அந்தப் பொதிக்கும் இந்தப் பொதிக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு தாய் கேட்டபோது என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை.

அன்றைக்கு நான் அவர்களுக்குச் சொன்னது ஒரு பெண்ணின் கதையை. உலகம் முழுவதும் பெண்பிள்ளைகள் பொதி சுமந்து பாசறைக்குப் போகலாம் என்ற வழக்கத்தைத் தொடக்கிவைத்த பெண்ணின் கதை அது. சாரணியத்தைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் எமது பிள்ளைகள் எல்லோரும் பேடன் பவல் பிரபு என்று ஒரே குரலில் சொல்வார்கள். அவருடைய தங்கையின் பெயர் கேட்டால் மௌனம்தான். கூட்டத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே, எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில், சற்று விரிவாக எழுதுகிறேன். உலகின் பல மூலைகளிலும் இருக்கும் பழைய மாணவியரே, சாரணியர் சீருடை அணிந்தவர்கள் மட்டுமன்றி எல்லோரும் இதை வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் வீடும்

அக்னெஸ் 1858 டிசம்பர் 16ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தையார் பேடன் பவல் ஒரு மதகுரு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்திரகணிதப் பேராசிரியராகவும் இருந்தவர். தாயார் ஹென்றியெட்டா கிறேஸ் ஒரு கடற்படைத் தளபதியின் மகள். இந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் சிலர் சிறுவயதிலேயே இறந்துபோக, எஞ்சியவர்களில் ஒரே பெண்பிள்ளை அக்னெஸ்தான். உலகப் புகழ்பெற்ற ரொபேர்ட் அவருக்கு நேர் மூத்த அண்ணன். 1857 பெப்ரவரியில் பிறந்தவர். இருவருக்கும் இரண்டு வயது வித்தியாசமும் இல்லை.

1860இல் தந்தையார் இறந்தபோது அக்னெஸுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாயார் துவண்டுபோகாமல் பிள்ளைகளை வளர்த்தார். 1869இல் கணவரின் முதற்பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து, பேடன் பவல் என்ற இரட்டைப் பெயரை வழக்கமாக்கினார். ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடலுக்கும் இராணுவத்துக்கும் அரச பணிக்கும் போனார்கள். மகள் வீட்டில் இருந்தாள். அக்காலத்து இங்கிலாந்தின் நடைமுறை அது. எங்கள் ஊர்களில் நேற்றுவரை இருந்த நடைமுறையும் அதுதான்.

ஆனால் வீட்டில் இருந்த அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. இசைக்கருவிகள் வாசித்தார். பல மொழிகள் கற்றார். உலோக வேலையும் பின்னல் வேலையும் அவருக்குக் கைவந்தன. வீட்டுக்குள்ளேயே தேனீ வளர்த்தார். அவை சுவரிலிருந்த குழாய் வழியாக வெளியே போய் வந்தன. வண்ணத்துப்பூச்சிகளையும் சிறு பறவைகளையும் வளர்த்தார். சைக்கிள் ஓட்டினார். கடைசித் தம்பி பேடன் வானில் பறப்பதில் பித்துப் பிடித்தவர். ஆளைத் தூக்கும் பட்டங்கள் செய்து பரிசோதித்தவர். அவரோடு சேர்ந்து அக்னெஸ் பலூன்களுக்குத் துணி தைத்தார், பலூனில் ஏறியும் பறந்தார். விமானம் என்ற ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில், நீண்ட பாவாடை அணிந்த ஒரு பெண் ஆகாயத்திலிருந்து லண்டனைப் பார்ப்பதை எண்ணிப்பாருங்கள்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயாரை இறுதிவரை பராமரித்தார். 1914இல் தாயார் இறக்கும்போது அக்னெஸுக்கு வயது 55. ஐம்பது வயதுவரை ஊருக்குத் தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை இவ்வளவுதான் என்று அதற்கு முன்பே யாராவது எழுதி முடித்திருந்தால் அது பெரும் பிழையாகப் போயிருக்கும்.

அழைக்கப்படாமல் வந்த பெண்பிள்ளைகள்

அண்ணன் ரொபேர்ட் இராணுவ அதிகாரியாக இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் பணியாற்றினார். தென்னாபிரிக்காவில் மாபெக்கிங் என்ற சிறு நகரம் 1899 ஒக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகைக்குள்ளானபோது அதனைக் காத்தவர் என்ற புகழோடு நாடு திரும்பினார். முற்றுகைக்குள் இருக்கும் ஊரில் சனங்கள் என்ன பாடுபடுவார்கள் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கிலாந்தில் அது வெற்றிக் கதையாக மட்டும் போய்ச் சேர்ந்தது.

1907 ஓகஸ்டில் பிரவுன்சீ என்ற சிறிய தீவில் ஏறத்தாழ இருபது பையன்களைக் கூட்டிப்போய் அவர் ஒரு பரீட்சார்த்தப் பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சிறுவர்களுக்கான சாரணியம் பற்றிய அவரது நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. கடைகளில் வாங்கிப் படித்த பையன்கள் தாங்களாகவே குழுக்கள் அமைத்தார்கள்.

அந்தப் புத்தகத்தைத் தங்கைமாரும் அக்காமாரும் வாசித்தார்கள் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களும் தொப்பி தேடினார்கள், தடி வெட்டினார்கள், முடிச்சுப் போடப் பழகினார்கள். தங்கள் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் எழுதித் தலைமையகத்தில் பதிந்தவர்களும் உண்டு என்பார்கள். பெயரைப் பார்த்தால் பெண் என்று தெரிந்துவிடும் அல்லவா? 1909 செப்டெம்பர் 4ஆம் திகதி லண்டனில் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் ஆயிரக்கணக்கான சாரணர்கள் அணிவகுத்தபோது, ஒரு சிறு கூட்டம் பெண்பிள்ளைகளும் தாங்களே தைத்த சீருடையோடு வந்து நின்றார்கள். அழைப்பு இல்லை, அனுமதி இல்லை. யார் நீங்கள் என்று பேடன் பவல் விசாரித்தபோது தாங்களும் சாரணர்கள்தாம் என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் பெண்பிள்ளைகள் ஏற்கெனவே பதிந்திருந்தார்கள் என்று சாரணிய வரலாறு கூறுகிறது.

இப்போது சிக்கல் வந்தது. பெண்பிள்ளைகள் ஊதுகுழல் ஊதிக்கொண்டு, முதுகில் பை தொங்க, வீதியில் அணிநடை போவதா? பத்திரிகைகளில் கண்டனக் கடிதங்கள் எழுந்தன. பெண்மை கெட்டுவிடும் என்றார்கள். ஓடித்திரிந்தால் உடம்புக்கு ஆகாது என்றார்கள். வைத்தியர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை என் தொழில் சார்ந்த வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆண்பிள்ளைகளோ பெண்கள் சேர்ந்தால் தங்களுக்கு மதிப்பில்லை என்று முணுமுணுத்தார்கள்.

ரொபேர்ட் தனக்குத் தெரிந்த ஒரே வழியை நாடினார். தங்கையிடம் போனார்.

ஐம்பத்தொரு வயதில் ஒரு தொடக்கம்

1910இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் உருவானது. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் வழிகாட்டிகள் என்ற பெயரில் இயங்கிய ஒரு படையணியின் நினைவாக ரொபேர்ட் அதற்கு வழிகாட்டிகள் என்று பெயர் வைத்தார். முதல் தலைவி அக்னெஸ். வயது 51.

அவர் என்ன செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள அன்றைய தாய்மாரின் இடத்தில் நின்று பார்க்கவேண்டும். அவர்களுக்கு ஒரு உறுதி தேவைப்பட்டது. அக்னெஸைப் பார்த்தபோது அந்த உறுதி கிடைத்தது. மதகுருவின் மகள், தாயைப் பராமரிக்கும் மகள், பேச்சில் மென்மை, உடையில் அடக்கம். இவரிடம் பிள்ளையை விடலாம் என்று நினைத்தார்கள். பையன்களின் அணிகளுக்கு விலங்குகளின் பெயர்கள் இருக்க, பெண்களின் அணிகளுக்குப் பூக்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. சீருடை கருநீலம். தாதிமை, சமையல், குழந்தை பராமரிப்பு ஆகியவை முன்னிலைக்கு வந்தன.

இதைப் பார்த்து, சாரணர் ஆக வந்த பிள்ளைகளை மறுபடியும் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார் என்று குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஓநாய் அணியில் இருந்த பிள்ளைக்குப் பூவின் பெயர் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் பெயரை மாற்றிக்கொடுத்த அதே கையால் அவர் வேறொன்றையும் கொடுத்தார். சைக்கிளோட்டத்துக்கும் தந்தி அனுப்புவதற்கும் மின்வேலைக்கும் பெண்பிள்ளைகள் சின்னம் பெறலாம் என்றானது. பூப்போட்ட உறைக்குள் பொதியைக் கட்டிக்கொடுத்தார் என்று நான் நினைப்பதுண்டு. தாய் பார்த்தது உறையை. மகளுக்குக் கிடைத்தது உள்ளே இருந்தது.

1912இல் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சாரணியருக்கான முதற் கைநூலை வெளியிட்டார்கள். அண்ணனின் சிறுவர் நூலை அடிப்படையாகக் கொண்டு, பெண்பிள்ளைகளுக்கு ஏற்றவாறு அக்னெஸ் மாற்றியும் கூட்டியும் எழுதினார். பேரரசைக் கட்டியெழுப்புவதற்குப் பெண்பிள்ளைகள் எப்படி உதவலாம் என்பது அதன் துணைத் தலைப்பு. அந்தப் பேரரசின் கீழே இருந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்தத் தலைப்பை இன்று வாசிக்கும்போது மனம் சற்று நெருடும். உள்ளேயோ கூடாரம், தீ மூட்டுதல், நட்சத்திரம் பார்த்துத் திசை அறிதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல், நோயாளியைப் பராமரித்தல் என்று எந்த நாட்டுப் பிள்ளைக்கும் உதவக்கூடிய விடயங்கள் இருந்தன. எட்டு அங்குலக் கயிறு ஒன்றைக்கொண்டு வீட்டுக்குள் புகுந்த கள்வனை எப்படிக் கட்டிவைப்பது என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. வேண்டாத வேலை என்று சிரிக்கலாம். தனியே இருக்கும் ஒரு பெண்பிள்ளை பயந்து ஒளியாமல் கயிற்றைத் தேடவேண்டும் என்று ஒருவர் 1912இல் நினைத்தாரே, அதுதான் எனக்கு முக்கியம்.

ஆயத்தமாக இருத்தல் என்பது சாரணியத்தின் தாரக மந்திரம். ஆபத்து வரும் என்று அஞ்சிக்கொண்டே இருப்பது அதன் பொருளன்று. வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்துப் பழகிக்கொள்வது, அதனால் அச்சத்தைக் குறைத்துக்கொள்வது என்பதே பொருள். மருத்துவக் கல்வியும் அடிப்படையில் அதுதான்.

போரும் பின்னரும்

1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது, சாரணியர் பழகிய யாவும் ஒரே நாளில் தேவைப்பட்டன. மருத்துவமனைகளில் உதவினார்கள், சமைத்தார்கள், செய்தி கொண்டு ஓடினார்கள். எம்.ஐ.5 என்ற பிரித்தானியப் பாதுகாப்புப் பிரிவுகூடத் தன் அலுவலகத்தில் செய்தி காவுவதற்குப் பெண் சாரணியரை வைத்திருந்தது. முன்பு அந்த வேலையில் இருந்த பையன்களைவிட இவர்கள் வாய் காப்பவர்களாக இருந்தார்களாம். பெண்மை கெடும் என்று கடிதம் எழுதியவர்கள் அதன்பின் அதிகம் எழுதவில்லை.

ஆனால் இயக்கம் வளர்ந்த அளவுக்கு அக்னெஸின் இடம் வளரவில்லை. 1912இல் ரொபேர்ட் ஒலேவ் என்ற இளம்பெண்ணைத் திருமணம் செய்திருந்தார். அவர் அக்னெஸைவிட முப்பது வயது இளையவர். சுறுசுறுப்பும் அமைப்புத் திறனும் நிறைந்தவர். அவர் முதலில் உதவ முன்வந்தபோது அக்னெஸைச் சுற்றி இருந்தவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னர் நிலைமை தலைகீழானது. 1916இல் ஒலேவ் தலைமை ஆணையாளரானார். 1918இல் தலைமைச் சாரணியர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ரொபேர்ட் எழுதிய புதிய நூல் ஒன்று பழைய கைநூலின் இடத்தைப் பிடித்தது. அக்னெஸ் பாடுபட்டு எழுதிய நீல அட்டைப் புத்தகம் ஒழுங்கற்ற குழப்பம் என்று கேலிப்பெயர் பெற்று ஒதுங்கியது. தலைவி பதவியும் அவரை விட்டுப்போய், அரச குடும்பத்து இளவரசி மேரிக்குச் சென்றது. அக்னெஸ் துணைத் தலைவியானார்.

நாத்தனாருக்கும் மைத்துனிக்கும் இடையே சுமுகம் இருக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். ஒலேவ் அம்மையார் செய்த பணியையும் குறைத்து மதிப்பிட முடியாது. அவர் இல்லாமல் இயக்கம் இத்தனை நாடுகளுக்குப் பரவியிராது. யார் சரி, யார் பிழை என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. தொடங்குகிறவருக்கு வேண்டிய குணம் ஒன்று, வளர்ப்பவருக்கு வேண்டிய குணம் இன்னொன்று. வளர்த்தவரைக் கொண்டாடும்போது தொடங்கியவரை மறந்துவிடுகிறோம் என்பதே என் ஆதங்கம். பெப்ரவரி 22ஆம் திகதியை உலகெங்கும் சாரணியர் சிந்தனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது ரொபேர்ட், ஒலேவ் இருவரதும் பிறந்தநாள். டிசம்பர் 16ஆம் திகதிக்கு எமது நாட்காட்டிகளில் ஒன்றும் குறிக்கப்படுவதில்லை.

மனம் கசந்து விலகிப்போக அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவர் போகவில்லை. துணைத் தலைவியாகவே இறுதிவரை இருந்தார். 1924இல் இங்கிலாந்தின் பொக்ஸ்லீஸ் என்ற இடத்தில் சாரணியரின் முதல் உலகப் பாசறை நடந்தது. பல நாட்டுப் பெண்பிள்ளைகள் ஒரே புல்வெளியில் கூடாரமடித்தார்கள். 1928இல் உலக சங்கம் உருவானது. அண்ணன் ரொபேர்ட் 1941 ஜனவரி 8ஆம் திகதி கென்யாவில் காலமானார். அக்னெஸ் இரண்டாவது உலகப்போரையும் கண்டு, ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு மாதம் நிறையுமுன், 1945 ஜூன் 2ஆம் திகதி தமது 86ஆவது வயதில் மறைந்தார்.

எங்கள் தீவுக்கும் எங்கள் ஊருக்கும்

இந்தியாவுக்கு 1911இலும் இலங்கைக்கு 1917இலும் பெண் சாரணியம் வந்து சேர்ந்தது. இலங்கையில் முதற்குழு கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது. அங்கிருந்து பாடசாலை பாடசாலையாகப் பரவி, வன்னியின் மரநிழல்களுக்கும் வந்தது.

நான் சாரணியர் சீருடை அணிந்தது 1990களில். பொருளாதாரத் தடைக் காலம். ரோச் லைற்றுக்கு பற்றரி கிடையாது. மண்ணெண்ணெய் பொன்போல. எங்களிடம் கூடாரமும் இல்லை. ஆனாலும் எங்கள் ரீச்சர் ஒருவர் பாசறை நடத்தியே தீருவது என்று நின்றார். பழைய சேலைகளையும் படங்குத் துண்டுகளையும் கயிற்றில் கட்டினோம். அறுவடை முடிந்த வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து சாக்குகளுக்குள் அடைத்து மெத்தை ஆக்கினோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சொற்ப எண்ணெயும் விட்டு விளக்கேற்றினோம். தண்ணீரூற்றுப் பக்கமிருந்து ஒரு அக்கா வாளியில் கொண்டுவந்த தண்ணீரின் சுவை இன்னும் நாவில் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, அக்னெஸ் காலத்துச் சாரணியரும் வைக்கோல் அடைத்த சாக்கில்தான் படுத்தார்கள் என்று வாசித்தபோது சிரிப்பு வந்தது. வசதி குறைந்ததால் நாங்கள் செய்ததை, அவர்கள் ஒரு பயிற்சியாகச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பாசறையில் கற்ற முடிச்சுகள் பின்னாளில் இடம்பெயர்ந்து போன இடங்களில் எங்கள் குடும்பத்தின் படங்குக் கொட்டிலைக் காற்றில் விழாமல் நிறுத்தின. கட்டுப் போடக் கற்ற கை பின்பு எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டது. நான் வைத்தியராக வந்ததற்கு அதுதான் வித்து என்று சொன்னால் மிகைப்படாது.

பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பொதிக்கும் இந்தப் பொதிக்கும் என்ன வேறுபாடு? அன்று எங்களை யாரோ துரத்தினார்கள்; எதை எடுப்பது என்று யோசிக்க நேரம் தரவில்லை. இன்று பிள்ளை தானே பட்டியல் எழுதுகிறாள், தானே அடுக்குகிறாள், தானே சுமக்கிறாள், மூன்றாம் நாள் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். திரும்பி வரும் வீடு இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. வைகாசிப் பொங்கலுக்குக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் எடுத்து வற்றாப்பளைக்குப் போகிறோமே, அதுவும் ஆயத்தம்தான், அதுவும் பயணம்தான். அதற்கு யாரும் அஞ்சுவதில்லை. ஏனென்றால் அது நாங்கள் தெரிந்தெடுத்த பயணம்.

அத்தோடு வைத்தியராகச் சிலவற்றைச் சொன்னேன். அவற்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன், எந்த ஊரில் பாசறை நடந்தாலும் உதவும். கண்ணிவெடி இல்லை என்று உறுதிசெய்யப்பட்ட வளவுக்கு வெளியே ஒரு பிள்ளையும் கால் வைக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நுளம்பு வலை வேண்டும். அதன் விளிம்பைப் பாயின்கீழ் செருகிவிட வேண்டும். 2016இல் எமது நாடு மலேரியா அற்றதாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் டெங்கு போகவில்லை. மேலும் எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரையே தீண்டும். கடித்த நோவுகூடத் தெரியாமல் போகலாம். செருகிய வலை நுளம்பை மட்டுமல்ல, பாம்பையும் தடுக்கும். பாம்பு கடித்தால், அக்னெஸ் காலத்து முதலுதவி நூல்கள் சொன்னதுபோல இறுகக் கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொதித்தாறிய தண்ணீர், ஜீவனிப் பக்கற்று, வழக்கமாக எடுக்கும் மருந்து இருந்தால் அது, இரண்டு சோடி உலர்ந்த உடுப்பு. வயல் சேற்றில் இறங்குவதானால் காலில் காயம் இருக்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். தொலைபேசி ஆசிரியையிடம் இருக்கும். பிள்ளையைத் தேடி அடிக்கடி அழைப்பதைத் தாய்மார் தவிர்த்தால் நல்லது.

கூட்டம் முடிந்து போகும்போது சில தாய்மார் கையெழுத்திட்டார்கள். சிலர் இடவில்லை. இடாதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. அது ஒரு கூட்டத்தில் தீராது. இரண்டாம் நாள் இரவு பாசறைத் தீயைச் சுற்றிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தபோது, கையெழுத்திடாத தாய் ஒருவர் மகளைக் கையில் பிடித்தபடி வேலியோரம் வந்து நின்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பொறுப்பாசிரியை ஒரு பாயை நகர்த்தி இடம் கொடுத்தார். தாயும் மகளும் அமர்ந்தார்கள். பாட்டு முடிந்து தீ தணியும்வரை இருந்துவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அந்த மகளின் பெயர் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி, கடைசியில் சொல்வதாகக் கூறியது. எமது பாடசாலையின் பழைய நிழற்படங்களைத் தேடியபோது, சேலைக் கூடாரம் கட்டித்தந்த அந்த ரீச்சரின் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இடப்பெயர்வில் எத்தனையோ போனதுபோல அதுவும் போயிருக்கும். படம் போகலாம், பெயரும் போகவேண்டியதில்லை. நூறு ஆண்டுகளில் இந்தப் பாடசாலையில் எத்தனையோ நல்ல காரியங்களை யாரோ ஒருவர் முதன்முதலில் தொடங்கியிருப்பார். வலைப்பந்து அணியை யார் தொடங்கினார்? நூலகத்தின் முதல் அலுமாரியை யார் வாங்கித் தந்தார்? முதல் மாணவி விஞ்ஞானப் பிரிவில் படிக்கவேண்டும் என்று எந்த ஆசிரியை வீடு தேடிப் போய்ப் பேசினார்? உங்களுக்குத் தெரிந்த பெயரை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கனடாவிலிருந்தாலும் சரி, கரைதுறைப்பற்றிலிருந்தாலும் சரி, ஒரு வரி போதும்.

வருகிற டிசம்பர் 16ஆம் திகதி எமது சாரணியர் அக்னெஸ் அம்மையாரை நினைவுகூர்ந்து பாடசாலை வளவில் ஒரு மரம் நடப்போகிறார்கள். எந்த மரம் என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். பாலை மரம். வளர நாட்செல்லும்; நட்டவர்கள் பழம் பறிக்கமாட்டார்கள். பின்னால் வருகிறவர்களுக்குப் பழமும் கிடைக்கும், கூடாரமடிக்க நிழலும் கிடைக்கும்.